எலுமிச்சம்பழம் போட்ட தழும்பு: பாறைகளைப் படிக்க ஒரு தொடக்கம்

எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பைக்கல்லால் ஆனது. அதன் ஓரத்தில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிறிய வட்டம் ஒன்று உண்டு. ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கிய ஒரு நாள் அம்மா பாதிப் பழத்தை மேடைமேல் கவிழ்த்து வைத்தார். அப்படியே மறந்து தூங்கப் போய்விட்டார். காலையில் பழத்தை எடுத்தபோது அடியில் கல்லின் பளபளப்பு போயிருந்தது. கறை பிடித்துவிட்டது என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தார். வட்டம் இன்னும் பெரிதாயிற்று.

அதே வீட்டின் கொல்லையில் பாட்டி காலத்து அம்மி ஒன்று கிடக்கிறது. அதில் புளியும் தக்காளியும் எத்தனை ஆயிரம் முறை அரைபட்டிருக்கும்! ஆனாலும் ஒரு தழும்பு கிடையாது. தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் அம்மி கொத்துபவரைக் கூப்பிட்டு உளியால் கொத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். அம்மியும் கருப்பு, மேடையும் கருப்பு. இரண்டும் கனமானவை. இரண்டையும் நாம் கல் என்றுதான் சொல்கிறோம். பிறகு ஏன் ஒன்று மட்டும் எலுமிச்சைக்குத் தோற்றது?

கடப்பைக்கல் ஒரு சுண்ணாம்புக்கல். மிகப் பழைய கடல் ஒன்றின் அடியில் சுண்ணாம்புச் சேறாகப் படிந்து, பிறகு இறுகியது. சுண்ணாம்புச் சத்து அமிலத்தைக் கண்டால் கரையும். கரையும்போது கரியமில வாயுவை வெளியேற்றும். அம்மியோ பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் சூட்டில் உருவான கருங்கல். அதில் எலுமிச்சைச் சாறு கரைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரே வீட்டுக்குள் கடலின் அடியும் பூமியின் ஆழமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பள்ளியில் பாறைகள் மூன்று வகை என்று படிக்கிறோம்: தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. மூன்றுக்கும் இலக்கணம் எழுதி, எடுத்துக்காட்டு இரண்டு சேர்த்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறோம். இந்த மூன்று பெயர்களும் கல்லின் நிறத்தையோ கனத்தையோ வைத்து வந்தவை அல்ல. அது எப்படிப் பிறந்தது என்பதை வைத்து வந்தவை. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவற்றை மனப்பாடம் செய்யத் தேவையிராது. கல்லைக் கையில் எடுத்து, நீ எங்கே பிறந்தாய் என்று கேட்கப் பழகினால் போதும்.

அப்படிக் கேட்பதற்கு முன் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மெருகேற்றிய கிரானைட் பலகையை வெயிலில் வைத்து உற்றுப் பாருங்கள். கடலை மிட்டாயை உடைத்தால் கடலை தனியாகவும் பாகு தனியாகவும் தெரிவதுபோல, அதற்குள் வெவ்வேறு பொருள்கள் கோத்துக்கொண்டு நிற்பது தெரியும். கண்ணாடிச் சில்லு போலச் சாம்பல் நிறத்தில் மின்னுவது குவார்ட்ஸ். இதுவே பெரிய வெள்ளைக் கட்டியாகக் கிடந்தால் கிராமத்தில் வெங்கச்சங்கல் என்பார்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாகப் பளிச்சிட்டு, நகத்தால் நெம்பினால் இதழ் இதழாகப் பிரிவது அபிரகம். காக்காப்பொன் என்று சிறுவர்கள் சேர்த்துவைப்பது இந்தக் குடும்பம்தான். இவை ஒவ்வொன்றும் கனிமம். கனிமங்கள் சேர்ந்தது பாறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருங்கல் என்பது நம் ஊரில் ஒரே பாறையின் பெயர் அல்ல. கிரானைட், நைஸ், சார்னோகைட், டோலரைட் எல்லாவற்றையும் கொத்தனார் கருங்கல் என்றே சொல்வார். கடைகளில் ‘பிளாக் கிரானைட்’ என்று விற்கும் கல்லும் பெரும்பாலும் கிரானைட் கிடையாது. டோலரைட் போன்ற வேறொரு தீப்பாறை. வணிகப் பெயர் வேறு, அறிவியல் பெயர் வேறு என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சூட்டில் பிறந்தவை

நாம் நிற்கும் தரைக்கும் பூமியின் மையத்துக்கும் இடையே சுமார் 6,371 கிலோமீட்டர். அதில் மேலோடு என்று சொல்லும் பகுதி கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர். கடலுக்கு அடியில் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். அதன் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம். அதற்கும் கீழே இரும்பு மிகுந்த கருவம்.

கீழே போகப் போகச் சூடு ஏறும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி என்று கணக்கு. மிகப் பழைய கண்டப் பகுதிகளில் இதைவிட மெதுவாக ஏறும். இதை உடம்பால் அறிந்தவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள். அவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. குளிர்காற்றைக் கீழே செலுத்தித்தான் அங்கே மனிதர்களை வேலை செய்யவைக்க முடிந்தது. உலகிலேயே மிக ஆழமாகத் துளையிட்ட இடம் ரஷ்யாவின் கோலா தீபகற்பம்: 12,262 மீட்டர். அங்கே வெப்பம் 180 டிகிரியைத் தொட்டது. அதற்குக் கீழே துளையிட முடியவில்லை. அவ்வளவு முயன்றும் மேலோட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் மாணவர்கள் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மேலோட்டுக்குக் கீழே எங்கும் உருகிய குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, எரிமலை அதன் வாய் என்று நினைக்கிறார்கள். பாடநூல் படங்களில் கவசத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசியிருப்பதும் இதற்கு ஒரு காரணம். உண்மையில் கவசம் ஏறத்தாழ முழுவதும் திடப்பொருள். சூடு மிகுதிதான், ஆனால் அழுத்தமும் மிகுதி, அழுத்தம் உருகவிடாது. சூடான பாறை மேலெழும்பி அழுத்தம் குறையும் இடத்திலும், நீர் உள்ளே புகும் இடத்திலும் மட்டும் அது கொஞ்சம் கொஞ்சமாக உருகும். அப்படி உருகியதுதான் மாக்மா.

மாக்மா ஆறி இறுகினால் தீப்பாறை. எங்கே ஆறியது என்பதைக் கல்லே சொல்லிவிடும். சர்க்கரைப் பாகை நூல் கட்டி, அசையாமல், நாள்கணக்கில் ஆறவிட்டால் பெரிய பெரிய கற்கண்டாக விளையும். அதே பாகை அடுப்பிலிருந்து இறக்கிக் கிளறிக்கொண்டே இருந்தால் பொடிப்பொடியாகப் பூத்துவிடும். மாக்மாவும் அப்படித்தான். ஆழத்தில் சிறைப்பட்டுப் பல்லாயிரம் ஆண்டுகள் மெதுவாக ஆறினால் கனிமங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும், அது கிரானைட். வெளியே லாவாவாக வழிந்து சடுதியில் ஆறினால் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள்தான் மிஞ்சும், அது பசால்ட். மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கும் தக்காணப் பசால்ட் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து ஆறியது. எல்லோராக் குகைகள் குடையப்பட்டது அந்தக் கல்லில்தான். இன்றும் லாவா வழியும் எரிமலை இந்தியாவில் ஒன்றே ஒன்று உண்டு. அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அடங்கிக் கிடந்தது, 1991இல் மறுபடி வெடித்தது.

கிரானைட் மூன்றாகப் பிரியும் இடம்

பாறை நிலத்துக்கு மேலே வந்தவுடன் சிதையத் தொடங்குகிறது. வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். விரிசலுக்குள் ஆலமரத்து வேர் இறங்கும். ஆனால் இவற்றைவிட ஆழமாக வேலை செய்வது மழைநீர். காற்றிலுள்ள கரியமில வாயு மழைத்துளியில் கரைவதால் மழைநீர் எப்போதும் மிக மெல்லிய அமிலமாகவே விழுகிறது. எலுமிச்சைச் சாற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

அந்த மழைநீர் கிரானைட்டிலுள்ள ஒவ்வொரு கனிமத்தையும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மக்கிக் களிமண்ணாக மாறுகிறது. அதிலிருந்த கால்சியம், சோடியம் முதலியவை நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆற்றோடு போய்விடுகின்றன. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாது. பிடித்துக்கொண்டிருந்த ஃபெல்ட்ஸ்பார் மக்கியதும் அது உதிர்ந்து மணலாகிறது. காவிரி மணலிலும் மெரினா மணலிலும் நாம் காண்பது பெரும்பாலும் குவார்ட்ஸாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மற்றவை வழியில் அழிந்துபோக, தாங்கி நின்றது இது ஒன்று.

ஆக, ஒரு கிரானைட் மலை மூன்றாகப் பிரிந்து கடலை நோக்கி நடக்கிறது: மணல், களிமண், நீரில் கரைந்த சுண்ணாம்புச் சத்து. மணல் கனமானது, ஆற்றின் வேகம் குறைந்ததும் கரையோரமாகவே படிந்துவிடும். களிமண் துகள் மிக நுண்ணியது. அசைவற்ற நீரில்தான் அடங்கும், ஆகவே தொலைவுக்குப் போகும். கரைந்த சுண்ணாம்பை வெறும் நீராகவே கடல் வாங்கிக்கொள்கிறது. அதைக் கிளிஞ்சலும் சங்கும் பவளமும் நுண்ணுயிர்களும் உறிஞ்சித் தங்கள் ஓடாகக் கட்டுகின்றன. அவை இறந்தபின் ஓடுகள் அடியில் குவிகின்றன. மேலே மேலே படிவு ஏற, பாரத்தில் நீர் பிழியப்பட்டு, துகள்களுக்கு இடையே சுண்ணாம்போ, குவார்ட்ஸின் பொருளான சிலிக்காவோ பசையாக ஊறி எல்லாம் இறுகுகிறது. மணல் மணற்பாறையாகிறது, களிமண் களிப்பாறையாகிறது, ஓடுகள் சுண்ணாம்புக்கல்லாகின்றன. இவைதான் படிவுப் பாறைகள்.

வீடு கட்டும் இடத்தில் நின்றால் இதே மூன்றும் கண்ணில் படும். ஒரு பக்கம் மணல் குவியல். அடுத்து களிமண்ணைச் சுட்ட செங்கல். மூன்றாவது சிமெண்ட் மூட்டை. சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து சுமார் 1,450 டிகிரியில் சுட்டு அரைத்தது. என்றோ மலையிலிருந்து பிரிந்து போன மூன்று பேரையும் கொத்தனார் ஒரு சுவரில் மறுபடி சேர்த்துவைக்கிறார். இப்போது ஆற்று மணலுக்குப் பதிலாக வரும் எம்-சாண்ட் வேறு விதம். அது பாறையை எந்திரத்தில் உடைத்த தூள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்: துகள்கள் கூராக இருக்கும், ஃபெல்ட்ஸ்பாரும் மக்காமல் அப்படியே கிடக்கும். ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. மலையிலிருந்து மணல் பிரிய ஆறு எடுத்துக்கொண்ட காலத்தையும், ஒரு லாரி அதை அள்ள எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. இந்த ஒரு பாடத்தைப் பிள்ளைகளுக்கு நாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஆறுகள் இவ்வளவு பள்ளமாகியிருக்காது என்று உண்மையாகவே நம்புகிறேன்.

படிதல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். கொஞ்சம் ஜல்லித் துகள், மணல், தோட்டத்து மண் மூன்றையும் போட்டு நீர் நிரப்பிக் குலுக்கி, ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். ஜல்லி உடனே அடியில் நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் மணல் படிந்துவிடும். களிமண் அடங்க மறுநாள் ஆகும். பாட்டிலுக்குள் அடுக்கு தெரியும். கீழே இருப்பது முதலில் வந்தது. புரட்டிப் போடப்படாத எந்தப் படிவுப் பாறையிலும் அடிப்படுகை மூத்தது, மேல்படுகை இளையது. பூமியின் வரலாற்றில் எது முன், எது பின் என்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த எளிய விதியால்தான்.

இந்த அடுக்குகளை நேரில் பார்க்க வேண்டுமானால் அரியலூருக்குப் போக வேண்டும். இன்று கடற்கரையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் அந்த வறண்ட மண்ணில் கடல் இருந்தது. இந்தியா அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்த பெருங்கண்டம் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளந்தது. பிளந்த ஓரம் தாழ்ந்தது, தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது. கிரிட்டேசியஸ் என்று சொல்லும் காலத்தில், அதாவது 14.5 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீண்ட காலத்தில், அந்தக் கடல் முன்னேறியும் பின்வாங்கியும் படுகை மேல் படுகையாகச் சேற்றையும் ஓடுகளையும் விட்டுச் சென்றது. தொல்லுயிர் ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களில் இந்தத் தொல்லுயிர் எச்சங்களை வரிசைப்படுத்தி விவரித்த காலத்திலிருந்தே இவ்வட்டாரம் உலகப் புவியியலாளர்களுக்குத் தெரிந்த இடம். கல்லங்குறிச்சிப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் மொத்தமாகக் குவிந்து கிடக்கின்றன. அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணம் அந்தச் சிப்பிகள்தான். நாம் கட்டிய பல வீடுகளின் சுவரில், ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த சிப்பியின் சுண்ணாம்பு இருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் அதே கடலின் படிவில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர். 1940இல் அதைக் கண்டறிந்தவர் எம். எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். மரம் கல்லாவது மாயமல்ல. நிலத்தில் வளர்ந்த மரத்தை வெள்ளம் கடலுக்கு அடித்துக்கொண்டு போனது. மக்குவதற்குள் சேறு மூடிவிட்டது. பிறகு சிலிக்கா கரைந்த நீர் அதன் திசுவுக்குள் ஊறி, மரம் இருந்த இடத்தையெல்லாம் நுண்ணளவில் பிடித்துக்கொண்டது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இப்படி நூற்றுக்கணக்கான கல்மரங்கள் உண்டு. ஆனால் அவை மிகவும் இளையவை, சுமார் இரண்டு கோடி ஆண்டுகள். வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்களாகவே அவை கிடப்பது, அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் வந்து ஒதுங்கியவை என்பதற்குச் சான்று.

உருகாமலே மாறியவை

மூன்றாவது வகை, உருமாறிய பாறை. மாணவர்கள் மிகவும் தடுமாறுவது இதில்தான். சூடுபட்டால் உருகியிருக்க வேண்டுமே, அப்படியானால் தீப்பாறைதானே என்று கேட்பார்கள். செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கல் உள்ளே போகிறது, செங்கல் வெளியே வருகிறது. வடிவம் குலையவில்லை, குழம்பாக ஓடவில்லை. ஆனால் இனி அதைத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் களிமண்ணாகாது. உள்ளே பொருளே மாறிவிட்டது. பாறையும் ஆழத்துக்குப் போனால் திடமாக இருந்தபடியே அதன் அணுக்கள் இடம்மாறிப் புதிய கனிமங்களாக அடுக்கிக்கொள்ளும். சுண்ணாம்புக்கல் இப்படி மாறினால் சலவைக்கல். களிப்பாறை மாறினால் சிலேட்டு. வற்றல்குழம்பு வைக்கும் கல்சட்டியின் மாக்கல்லும் உருமாறிய பாறைதான்; மென்மையான கனிமம் மிகுந்திருப்பதால் அதைக் கடைந்து பாத்திரமாக்க முடிகிறது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி நிற்பது உருமாறிய பாறைகள்மீதுதான். அவற்றுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் நீலச் சாயல் படர்ந்த கரும்பாறை ஒன்று உண்டு. உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கொல்கத்தா நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைக்கல், அங்குள்ள புனித ஜான் தேவாலய வளாகத்தில், இதே பாறையால் ஆனது. பெயர் அங்கிருந்து வந்தது. இந்தப் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது. அண்டார்டிகாவில் இதே வகைப் பாறையைக் கண்டாலும் சார்னோகைட் என்றுதான் எழுதுகிறார்கள். பரங்கிமலையின் ஒரு பகுதி தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். விமான நிலையத்துக்குப் போகும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போகும் லட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சார்னோகைட்டில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கிறது. கிரானைட்டில் அபிரகம் இருக்கும் இடத்தை இங்கே அது பிடித்திருக்கிறது. அபிரகத்துக்குள் நீர் உண்டு; இதில் நீர் கிடையாது. நீர் வெளியேறும் அளவுக்கு, எழுநூறு எண்ணூறு டிகிரிச் சூட்டில், இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறைதான் இப்படி இருக்க முடியும். கர்நாடகத்தில் கப்பாள்துர்கா என்ற இடத்துக் கல்குவாரியில், பட்டை பட்டையான உருமாறிய பாறையான சாம்பல் நிற நைஸுக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட் உருவாகிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து நிற்கிறது. புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து 1960இல் அதை எடுத்துக்காட்டினார். மற்ற இடங்களிலோ சார்னோகைட் நேரடியாக மாக்மாவிலிருந்தே இறுகியதாகத் தெரிகிறது. எனவே இதைத் தீப்பாறையில் சேர்ப்பதா உருமாறிய பாறையில் சேர்ப்பதா என்ற விவாதம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. மாணவர்கள் இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். மூன்று வகை என்பது நாம் இழுத்த கோடு. இயற்கை அந்தக் கோட்டின்மேலும் பாறை செய்யும்.

இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த கல் எப்படிப் பல்லாவரத்தில் வெயில் காய்கிறது? சுமை ஏற்றிய தோணி தாழ்ந்து மிதக்கும். மூட்டைகளை இறக்க இறக்க மேலே எழும். மேலோடும் கவசத்தின்மேல் இப்படித்தான் மிதக்கிறது. மழையும் ஆறும் மேலே இருந்த மலையை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோகப் போக, பாரம் குறைந்த நிலம் மெல்ல உயர்ந்தது. அடியில் இருந்தது மேலே வந்தது. வட தமிழ்நாட்டுச் சார்னோகைட்டில் பெரும்பகுதிக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். 25 கிலோமீட்டரை அந்த ஆண்டுகளால் வகுத்தால் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரும். உண்மையில் அது இப்படிச் சீராக நடக்கவில்லை. சில காலம் வேகமாக, நெடுங்காலம் அசையாமல் நடந்தது. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட எவ்வளவு பெரிய மலையைக் கரைக்கும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

வயதை எப்படிக் கண்டார்கள் என்றும் சொல்லிவிட வேண்டும். ஜிர்கான் என்று ஒரு கனிமம் உண்டு, மணல் துகள் அளவே இருக்கும். உருவாகும்போது அது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் தள்ளிவிடும். உள்ளே போன யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். யுரேனியம்-238இல் பாதி மாற சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்று ஜிர்கானுக்குள் எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால் அது பிறந்து எத்தனை காலமாயிற்று என்று தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஜிர்கான் ஒன்றின் வயது சுமார் 440 கோடி ஆண்டுகள். பூமிக்கே வயது 454 கோடிதான்.

இப்போது பாறைச் சுழற்சிக்கு வரலாம். பாடநூலில் வட்டமாக அம்புக்குறி போட்டிருப்பார்கள்: தீப்பாறை, பிறகு படிவுப் பாறை, பிறகு உருமாறிய பாறை, மறுபடி உருகித் தீப்பாறை. இந்த வட்டம் பயன் உள்ளதுதான், ஆனால் எல்லாக் கல்லும் இந்த வரிசையில்தான் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. தீப்பாறை நேரே உருமாறலாம். உருமாறிய பாறை உருகாமலே மேலே வந்து மணலாகலாம். பல்லாவரத்துப் பாறை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மணற்பாறை மறுபடி மணலாகி மறுபடி மணற்பாறையாகலாம். இந்த ஓட்டத்தை நடத்தும் விசைகள் இரண்டு. மேலே சூரியன்: கடல் நீரை ஆவியாக்கி மழையாகப் பொழியவைத்து, பாறையைச் சிதைத்துக் கீழே இழுக்கிறது. உள்ளே பூமியின் சொந்தச் சூடு: பிறந்தபோது தங்கியதும் கதிரியக்கத்தால் இன்றும் உண்டாவதும் சேர்ந்து, புவித்தட்டுகளை நகர்த்தி, பாறையை ஆழ்த்தியும் உயர்த்தியும் உருக்கியும் வைக்கிறது. இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கிப் போகிறது. அது ஆசியாவோடு மோதிய இடத்தில் கடலடிச் சுண்ணாம்புக்கல் எவரெஸ்ட்டின் உச்சிக்கே ஏறிவிட்டது.

கன்னியாகுமரிக் கடற்கரையில் பல நிற மணல் கிடக்கும். அம்மனின் திருமணம் நின்றுபோனதால் விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது ஊர்க்கதை. அந்த மணலில் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, கையடக்க லென்ஸ் வழியே பாருங்கள். வெண்மையாக இருப்பது குவார்ட்ஸ். கறுப்பாக இருப்பது இல்மனைட், டைட்டானியம் உள்ள கனிமம். மாதுளை முத்துப்போல் சிவந்திருப்பது கார்னெட். நவரத்தினத்தில் வரும் கோமேதகம் இதன் உறவு. அந்தச் சிவப்புத் துகள் கடற்கரையில் உருவானதல்ல. உருமாறிய பாறைக்குள் ஆழத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் விளைந்து, மேற்கு மலைகளில் வெளிப்பட்டு, ஆற்றோடு வந்தது. அலை இலேசான குவார்ட்ஸை வாரிக்கொண்டு போக, கனமான கார்னெட்டும் இல்மனைட்டும் கோடு கோடாகத் தங்கிவிடுகின்றன. தேடினால் ஜிர்கானும் கிடைக்கும். கையில் இருப்பது ஒரு பிடி மணல்தான். அதற்குள் ஆழம், மலை, ஆறு, கடல் நான்கும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன.

தொடங்க விரும்புகிறவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். கிளிஞ்சல், அம்மிக்கல் துண்டு, சலவைக்கல் துண்டு, செங்கல் துண்டு ஆகியவற்றின்மேல் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் சுண்ணாம்புச் சத்து உண்டு. குமிழி உடனே தெரியாவிட்டால் கல்லைக் கொஞ்சம் சுரண்டித் தூளின்மேல் விடுங்கள். அடுத்து, துகள்கள் கோத்துக்கொண்டு நிற்கின்றனவா, மணலை ஒட்டியது போல உதிர்கின்றனவா, கனிமங்கள் ஒரே திசையில் பட்டையாக அடுக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். கோத்துக்கொண்டிருந்தால் தீப்பாறையாக இருக்க வாய்ப்பு அதிகம்; உதிர்ந்தால் படிவுப் பாறை; பட்டையாக இருந்தால் உருமாறியது. தவறு நேரும். 2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் உருண்டை உருண்டையான கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. வல்லுநர்கள் பார்த்தபின், அவை கடல் படிவில் அம்மோனைட் என்னும் உயிரினத்தைச் சுற்றிச் சேறு இறுகி உருவான உருண்டைகள் என்று தெரிந்தது. உருண்டையாக இருப்பதை மட்டும் பார்த்தவர்கள் முட்டை என்றார்கள். உடைந்த முகத்தையும் சுற்றியிருந்த படிவையும் பார்த்தவர்கள் கடல் என்றார்கள்.

அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு காரை கிராமத்தை ஒட்டிய பள்ளத்தாக்குப் பகுதிக்குப் போனால் நல்லது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது ஓடுகளின் வரி நன்றாகத் தெரியும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள், கல்லை அது கிடந்த படுகையிலேயே விட்டுவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் அந்த ஓட்டுக்கு வயது சொல்வது மிகக் கடினம்.